வாசகர் கேள்வி – பதில்: ஒரே நாளில் உலக முடிவுக்குப் போய் வரலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. லண்டனில் இருக்கும் அக்கா குடும்பத்தோடு பெப்ரவரியில் வருகிறார். கொழும்பிலிருந்து ஒரே நாளில் வழிகாட்டியோடு ஹோர்ட்டன் சமவெளி, கிரகரி ஏரி இரண்டையும் காட்டிக் கொண்டுவந்து விடுகிறோம் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். அதிகாலை 3 மணிக்கு வீட்டு வாசலில் ஏற்றி, இரவு 10 மணிக்கு இறக்கிவிடுவார்களாம். நாங்கள் ஏழு பேர். அம்மாவுக்கு 69 வயது, முழங்கால் வலி உண்டு. அம்மாவையும் கூட்டிப் போகலாமா, வீட்டில் விட்டுவிட்டுப் போவதா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அந்த ஒரு நாள் பயணம் மட்டும் வேண்டாம்.

22 வருடம் கொழும்பிலிருந்து வழிகாட்டியாகப் போய் வந்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். 3 மணிக்குப் புறப்பட்டால் நுவரெலியாவைத் தொடவே 8 மணியாகிவிடும். அங்கிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக மேலே ஏற இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நுழைவுச்சீட்டு, பை சோதனை எல்லாம் முடித்து நடக்கத் தொடங்கும்போது பத்தாகிவிடும். உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பு அங்கிருந்து இன்னும் 4 கிலோமீற்றர் நடை. ஒன்பது, பத்து மணிக்கே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி மேலே ஏறத் தொடங்கிவிடும்.

ஒருமுறை என் சொந்தக் குடும்பத்தையே இப்படி ஒரே நாளில் கூட்டிப் போனேன். அன்றைக்கு நான் வழிகாட்டி இல்லை, காசு கொடுத்துப் போன பயணிதான். றம்பொடை வளைவுகளில் சின்ன மகள் மூன்று தரம் சத்தி எடுத்தாள். உலக முடிவில் போய் நின்றால் முன்னால் வெள்ளைச் சுவர். விளிம்பு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம், பனி விலகவேயில்லை. இரவு ஹட்டன் பக்கமாக இறங்கி வரும்போது வான் ஓரத்து மண்மேட்டில் உரசிக்கொண்டு நின்றது. சாரதி கண்ணயர்ந்துவிட்டார். முதல் நாள் இரவும் முழுக்க வண்டி ஓட்டிய மனிதரை எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மேட்டுப் பக்கமாக உரசினோம், தப்பினோம். மற்றப் பக்கம் பள்ளம். இன்றைக்கும் அந்த இடத்தைக் கடக்கும்போது என் மனைவி என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

ஆகவே ஓர் இரவு நுவரெலியாவில் தங்குங்கள். முதல் நாள் காலை சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகப் புறப்படலாம். பின்னேரம் கிரகரி ஏரிக்கரை. 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் கட்டிய ஏரி அது. சுற்றிவரச் சமதரை, உட்கார இடமுண்டு, பிள்ளைகளுக்குப் படகும் உண்டு. அம்மாவுக்கு முழங்காலைச் சோதிக்காத இடம். நேரமிருந்தால் வெலிமடை வீதியில் சிறிது தூரம் போய்ச் சீதா எலிய அம்மன் கோவிலையும் பார்த்து வாருங்கள். ஓடைச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்று கும்பிடுவது அம்மாவுக்குப் பிடிக்கும்.

அடுத்த நாள் விடிய நாலே முக்காலுக்கு வான் புறப்பட வேண்டும். வாசல் 6 மணிக்குத் திறக்கும். இங்கே வெள்ளவத்தைக் கடற்காற்றில் வியர்த்துக்கொண்டு நிற்கும் உங்களுக்கு அந்தக் குளிரை நான் எழுதிப் புரியவைக்க முடியாது. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல். பெப்ரவரி விடியலில் சில நாள் புல்நுனியில் உறைபனி படிந்திருக்கும். அம்மாவுக்குக் காதை மூடும் தொப்பி, காலுறை, போத்தலில் சுடச்சுடத் தேத்தண்ணி. மற்றவர்களுக்கு ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும்.

முழுச் சுற்றும் ஒன்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட, மூன்று நாலு மணித்தியாலம் பிடிக்கும். அம்மா அதை நடக்க வேண்டியதில்லை. நடை தொடங்கும் ஃபார் இன் என்ற பழைய கட்டடத்தின் பக்கத்திலேயே பெரிய புல்வெளி விரிந்து கிடக்கிறது. மரை என்ற பெரிய மான்கள் அந்நேரம் அங்கேதான் மேயும். வீட்டில் ஒருவர் அம்மாவோடு தங்குங்கள், மற்றவர்கள் நேரே உலக முடிவுக்கு நடங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சியைத் திரும்பி வரும்போது பார்க்கலாம், அது எங்கும் போய்விடாது. அதற்கு இறங்கும் வழி செங்குத்து, வழுக்கும், அந்தப் பக்கம் அம்மா வேண்டாம். எட்டு மணிக்கு முன் விளிம்பில் நின்றால், ஏறத்தாழ 870 மீற்றர் கீழே தேயிலைத் தோட்டமும் கூரைகளும் தீப்பெட்டி அளவில் தெரியும். தூரத்தில் சமனலவெவ நீர்த்தேக்கம் வெயிலில் மினுங்கும்.

வழிகாட்டி தேவையா என்றால், பாதை தவறுவதற்கு வழியில்லை, ஒரே வட்டம்தான். ஆனால் மெதுவாக நடக்கத் தெரிந்த வழிகாட்டி கிடைத்தால் விடாதீர்கள். எனக்குத் தொழில் பழக்கிய பெரியவர் ஒருநாள் பாசி மூடிய ஒரு கிளைக்கு முன்னால் என்னை நிறுத்தி, 'பார்' என்றார். நான் பார்த்தேன், பாசிதான் தெரிந்தது. 'இன்னும் பார்' என்றார். ஒரு நிமிடம் கழித்து அந்தப் பாசி கண்ணை உருட்டியது. மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு முளைத்த ஓணான்! இலங்கையின் மலைநாட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பிராணி. என் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் அசையாமல் இருந்தது. எங்களைத் தாண்டி அந்தக் கிளையை உரசிக்கொண்டு முப்பது பேராவது போயிருப்பார்கள்.

காசு கட்டுவதற்கு முன் இரண்டே கேள்வி கேளுங்கள். வழிகாட்டி எங்களோடு நடப்பாரா, வானிலேயே இருப்பாரா? சாரதி இரவு எங்கே தூங்குவார்? பதிலில் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள். அப்புறம், உங்கள் அடையாள அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் நமக்குள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். வாசலில் நின்று மனம் கோணாமல் இருக்க, அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஹோர்ட்டன் சமவெளியில் பிள்ளையின் மாரி பிஸ்கட் பைக்கற்றைப் பிரித்து உறையை எடுத்துவிட்டு, பிஸ்கட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருந்த லேபிளைக்கூட உரித்தார்கள். இவ்வளவு கெடுபிடி தேவையா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தேவை. பொலித்தீன் உள்ளே போகக்கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சோதனை. இன்னும் கடுமையாக இருந்தாலும் நான் வரவேற்பேன். வாகனத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரை சொப்பின் பையை மென்றுகொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே சோற்றுப் பருக்கை ஒட்டிய லஞ்ச் ஷீட். பாதி தொண்டைக்குள், பாதி வெளியே தொங்கியது. கிட்டப் போய் இழுக்கவும் முடியாது, பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்த மரங்களில் தாடி மாதிரித் தொங்கும் பாசி, கடந்து போகும் மூடுபனியிலிருந்து தண்ணீரைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்குகிறது. மகாவலி, களனி, வளவை என்ற மூன்று ஆறுகளுக்கும் அந்த மேட்டு நிலத்திலிருந்து நீர் போகிறது. களனி கங்கைத் தண்ணீரை அம்பத்தலையில் சுத்திகரித்துத்தான் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். உங்கள் கொட்டாஞ்சேனைக் குழாயைத் திறந்து பிள்ளைக்குப் பால் கரைக்கிறீர்களே, அந்தத் தண்ணீரில் அங்கே சொட்டியதும் சேர்ந்திருக்கிறது.

அடுத்த முறை சோற்றை வாழையிலையில் கட்டிக் காகிதத்தால் சுற்றி எடுத்துப் போங்கள். பிஸ்கட்டை டப்பாவில் போடுங்கள். சோதனை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

கேள்வி: ஹோர்ட்டன் சமவெளியில் யானை பார்க்கலாமா? அந்தச் சமவெளிக்குத் தமிழிலோ சிங்களத்திலோ பழைய பெயர் இருந்ததா?
— மாணவி, தெஹிவளை

பதில்: சிங்களத்தில் மகா எலிய, அதாவது பெரிய திறந்தவெளி. 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயரை ஆங்கிலேயர் பிறகு வைத்தார்கள். 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகி, 1988இல் தேசிய பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

யானை இன்று அங்கே இல்லை மகள். ஒரு காலத்தில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் துப்பாக்கியோடு ஏறிய வேட்டைக்காரர்களில் சாமுவேல் பேக்கரும் ஒருவர். நீர்வீழ்ச்சிக்கு இருப்பது அவருடைய பெயர்தான். மரை இன்றும் மிஞ்சியிருக்கிறது. விடியற்காலை போனால் அதன் மூச்சு ஆவியாகப் போவதைக்கூடப் பார்க்கலாம்.