கண் டாக்டரிடம் தேதி வாங்கினீர்களா?

கேள்வி: அப்பா ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். நியூட்டன் ரசவாதம் பற்றியும் பைபிள் பற்றியும் ரகசியமாக எழுதி வைத்ததைத் தமிழில் கொண்டுவருகிறேன் என்று ஒரு வருடமாக நோட்டு நோட்டாக நிரப்புகிறார். கண்புரை முற்றிவிட்டதால் என்னை வாசித்துக் காட்டச் சொல்கிறார், எனக்கு ஏது நேரம்? நியூட்டனாவது, தங்கம் செய்யக் கிளம்புவதாவது! சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். மனநல மருத்துவரிடம் காட்டலாமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: கண்புரை முற்றிவிட்டது என்று போகிற போக்கில் எழுதிவிட்டு மனநல மருத்துவரைத் தேடுகிறீர்களே, கண் டாக்டரிடம் தேதி வாங்கினீர்களா? கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன், ஆபரேஷன் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொந்தக்காரர்கள் சிரிப்பது மட்டும் மறக்காமல் வந்திருக்கிறது.

அப்பா சொல்வது நிஜம். நியூட்டன் ரசவாதத்துக்கு மட்டுமே சுமார் 10 லட்சம் சொற்கள் எழுதியிருக்கிறார், இறையியல் அதைவிட அதிகம். கேம்பிரிட்ஜில் அவருக்கு உதவியாளராக இருந்த ஹம்ஃப்ரி நியூட்டன், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஆறு வாரம் போல உலை இரவு பகலாக எரியும், ஒரு ராத்திரி அவர் விழித்திருப்பார், மறு ராத்திரி நான் என்று சொல்லியிருக்கிறார். இயக்க விதிகளையும் ஈர்ப்பு விசையையும் சொன்ன, 1687இல் வந்த பிரின்சிப்பியா புத்தகத்தை எழுதியதும் அதே காலத்தில்தான். ஒளித்து வைத்ததற்கும் காரணம் உண்டு: இயேசு பிதாவுக்குச் சமமல்ல என்பது அவர் முடிவு, திருச்சபைக் கொள்கைக்கு எதிரான அது வெளியே தெரிந்தால் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வேலை போகும். அவருக்கு அடுத்து அந்தப் பதவிக்கு வந்த விஸ்டன் அதை வாய்விட்டுச் சொல்லி 1710இல் வேலையை இழந்தார். நியூட்டன் இறந்ததும் தாள்களைப் புரட்டிய டாக்டர் பெல்லெட் கட்டுக்கட்டாக 'அச்சிடத் தகுதியில்லை' என்று எழுதி வைத்தார், பிறகு 1936இல் லண்டனில் ஏலம் போகும்வரை அவற்றில் பெரும்பாலானவற்றை வெளியுலகம் பார்க்கவில்லை. உங்கள் சொந்தக்காரர்கள் பெல்லெட் கட்சி, நீங்களும்தான்.

சரி, நேரத்துக்கு வருகிறேன். நியூட்டனுக்கு மூன்று வயதில் அம்மா மறுமணம் செய்துகொண்டு அவரைப் பாட்டியிடம் விட்டுப் போனார். உங்களையும் வீட்டையும் கொளுத்துவேன் என்று அம்மாவையும் மாற்றாந்தகப்பனையும் மிரட்டியதை, 19 வயதில் தன் பாவப் பட்டியலில் அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த அம்மா 1679இல் காய்ச்சலில் படுத்தபோது, ராத்திரி முழுக்கக் கூடவே உட்கார்ந்து மருந்து கொடுத்து, கொப்புளங்களுக்குத் தன் கையாலேயே கட்டுப் போட்டார். உங்களைவிட வேலை குறைந்த ஆளா அவர்? அதுவும், உங்கள் அப்பா உங்களை எங்கேயும் விட்டுவிட்டுப் போனதாகக் கடிதத்தில் இல்லை.

பேச்சு குழறுகிறது, வீட்டுக்கு வழி மறக்கிறது என்றால் எழுதுங்கள், அது வேறு விஷயம். நோட்டு எழுதுவது நோய் இல்லை. திங்கட்கிழமை லீவு போட்டு அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், தம்பி போவான், மச்சான் போவார் என்று தள்ளிவிடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிற நாட்களில் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள். தப்பாகப் படித்தால் திருத்துவார், வாத்தியார்தானே.