வழக்கு நிலுவையில் இருக்கும்போதே தொழிலாளி இறந்துவிட்டால்?

கேள்வி: கொத்தனாரான என் கணவர் 2023 மார்ச்சில் சாரத்திலிருந்து விழுந்து, முதுகுத்தண்டு முறிந்து படுத்த படுக்கையானார். அவர் போட்ட இழப்பீட்டு மனு நிலுவையில் இருக்கும்போதே, படுக்கைப்புண்ணில் கிருமித் தொற்று ஏற்பட்டு 2024 நவம்பரில் இறந்தார். அப்போது வயது 41. “ஆளே போன பிறகு கேஸ் ஏது?” என்று கூறும் ஒப்பந்ததாரர், ஐம்பதாயிரம் தருவதாகச் சொல்லி முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார்.

பதில்: அம்மா, தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள். உங்களுக்குப் பொருந்தும் 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, மரணத்துக்கான இழப்பீட்டை முதலாளி, இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். சிறு முன்பணம் தவிர, உங்கள் கையில் நேரடியாகத் தருவது இழப்பீடு தந்ததாகவே கருதப்படாது.

அவரது மரணத்தோடு வழக்கு முடிந்துவிடவில்லை. இழப்பீடு விபத்து நாளிலேயே கொடுக்க வேண்டிய கடனாகிவிடுகிறது என்று பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியுள்ளது. இங்கே எல்லாம் மரணத்தின் காரணத்தைப் பொறுத்தது. விபத்துக் காயமே மரணத்தில் முடிந்தது என்று நிறுவினால், மரண இழப்பீடு கோரும் உரிமை சார்ந்திருப்போராகிய உங்களுக்கே உண்டாகிறது. மனைவி, வயதுவராத பிள்ளைகள், மணமாகாத மகள், விதவைத் தாய் ஆகியோர் அவருடைய வருமானத்தை நம்பி வாழ்ந்ததாகத் தனியே நிரூபிக்கத் தேவையில்லை. காரணம் வேறு என்று எதிர்த்தரப்பு நிலைநாட்டினாலும், அவர் உயிரோடிருந்தபோதே உண்டான நிரந்தர முழு ஊனத்துக்கான உரிமையை வாரிசுகள் தொடரலாம் என்று உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் உள்ளன.

தொகையையும் பாருங்கள். விபத்தின்போது அவருக்கு 40 வயது நிறைந்திருந்தது என்றும், மாதக்கூலி, இழப்பீட்டுக் கணக்கில் சேரும் கூலிக்கு அப்போதிருந்த உச்சவரம்பான 15,000 ரூபாய்க்குக் குறையவில்லை என்றும் வைத்துக்கொண்டால், கூலியில் பாதியை, அந்த வயதுக்குச் சட்டம் தரும் 184.17 என்ற காரணியால் பெருக்க மரண இழப்பீடு 13,81,275 ரூபாய் வரும். முழு ஊனத்துக்குக் கூலியில் 60 சதவீதம் என்பதால் அது 16,57,530 ரூபாய். எனவே நிலுவை மனுவில் உங்களையும் பிள்ளைகளையும் சேர்க்கக் கோரும்போதே, மரண இழப்பீடு, ஊன இழப்பீடு இரண்டையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று என்ற முறையில் கேட்கும் திருத்த மனுவையும் தாக்கல் செய்ய வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். மரணக் கோரிக்கைக்கு இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம். தாமதமானாலும், தகுந்த காரணம் காட்டினால் ஆணையர் ஏற்கலாம்.

பிரேதப் பரிசோதனை நடக்காதிருந்தால், சிகிச்சையளித்த மருத்துவரின் சாட்சியமே உங்கள் பலம். மருத்துவமனையின் விடுவிப்புச் சுருக்கங்களையும், படுக்கைப்புண்ணுக்குச் சிகிச்சை பெற்ற சீட்டுகளையும் மருந்து ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். மருத்துவச் செலவையும் தனியே கோரலாம். ஒரு மாதத்துக்குள் செலுத்தத் தவறிய தொகைக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையெனில் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. இவ்விரண்டையும் மனுவில் விட்டுவிடாமல் கேளுங்கள்.