ஸ்டென்டா, அறுவையா? சேமிப்பில் கை வைக்கும் முன்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 44 வயது. சிகரெட் தொட்டதில்லை, சர்க்கரையும் கிடையாது. கொஞ்ச தூரம் நடந்தாலே இடது கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நீர்க்கட்டி என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. ஆபரேஷன் செலவில் பாதிகூட மெடிக்கல் எய்ட் (எங்கள் மருத்துவக் காப்பீடு) தராதாம். ஓய்வூதியத்தின் சேமிப்புப் பகுதியை (ஓய்வுக்கு முன்பே எடுக்க விடும் பங்கை) எடுக்கலாமா? ஸ்டென்ட் வைத்தால் மலிவாக முடியும் என்கிறான் என் தம்பி. (தென்னாப்பிரிக்கா, சாட்ஸ்வொர்த் வாசகி)

பதில்: சகோதரி, தம்பியின் யோசனையை முதலில் பார்ப்போம். ஸ்டென்ட் கொழுப்பு அடைப்புக்குப் பொருந்தும். இங்கே குழாயின் வெளிச்சுவரில் கூழ் போன்ற திரவம் தேங்கி, ரத்தம் போகும் வழியை நெருக்குகிறது. உள்ளேயிருந்து விரித்தாலும் கட்டி அங்கேயேதான் இருக்கும். ஊசியால் உறிஞ்சினாலும் திரும்ப வருவதுண்டு. அதனால் பெரும்பாலும் கட்டியை அகற்றுகிறார்கள், அல்லது அந்தத் துண்டை வெட்டிவிட்டு அவருடைய சிரையையே எடுத்து இணைக்கிறார்கள். எது என்பதை ரத்தக்குழாய் நிபுணர் சொல்லட்டும். மலிவுக்கு ஒரு தடவை, சரியானதற்கு ஒரு தடவை என்று இரண்டு பில் கட்ட உங்களால் ஆகாது.

நடந்தால் கால் பிடிப்பவர்களில் சுமார் 1200 பேரில் ஒருவருக்கே இது வரும். மெடிக்கல் எய்டில் கோப்பைப் பார்ப்பவர் சாதாரண அடைப்பென்று தள்ளிவிடலாம். முழங்காலை மடக்கியதும் பாதத்தில் நாடி மறைகிறதா என்று டாக்டர் பார்த்திருப்பார், அதையும் எம்.ஆர்.ஐ. முடிவையும் நோய்க் குறியீட்டையும் ஒரே கடிதத்தில் எழுதி வாங்குங்கள். பிறகு, “இது பி.எம்.பி.யா?” (சட்டப்படி கட்டாயம் தர வேண்டிய குறைந்தபட்சப் பலனா) என்று மெடிக்கல் எய்ட் திட்டத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஆம் என்றால், அவர்கள் குறித்த மருத்துவரிடம் போனால் முழுச் செலவும் அவர்களுடையது. உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து பிடிக்கவும் கூடாது. இல்லை என்றால் காரணத்தை எழுத்தில் வாங்கி, திட்டத்தின் முதன்மை அதிகாரிக்கு முறையிடுங்கள். அதற்குமேல், இந்தத் திட்டங்களைக் கண்காணிக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸ் இருக்கிறது.

கால் திடீரென்று சில்லிட்டு வெளுத்து மரத்தால் கடிதமெல்லாம் அப்புறம், உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்கள்.

கேப் கவர் (மெடிக்கல் எய்ட் தராத மீதிக்கான தனிக் காப்பீடு) இப்போது எடுத்துப் பயனில்லை; ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பெரும்பாலும் 12 மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். உங்கள் மெடிக்கல் எய்டிலேயே மேல் பிளானுக்கு ஜனவரி 1 முதல் மாறலாம். அதுவரை தள்ளலாமா என்று சர்ஜனைக் கேளுங்கள். மயக்க மருந்து டாக்டரின் பில் தனியாக வரும், அதன் மதிப்பீட்டையும் இப்போதே வாங்குங்கள். டர்பனில் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி அரசு மருத்துவமனையில் ரத்தக்குழாய்ப் பிரிவு உண்டு. பரிந்துரைக் கடிதம் வேண்டும், கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது.

இத்தனைக்கும் பிறகு பற்றாக்குறை இருந்தால்தான் சேமிப்புப் பகுதி. வரி ஆண்டுக்கு ஒரு தடவைதான் எடுக்கலாம், குறைந்தது 2000 ரேண்ட். எடுப்பது அவர் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும். கைக்காசு கொடுத்த ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள், மருத்துவச் செலவு வரிக்குரிய வருமானத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டினால் வரித்துறையான சார்ஸிடம் கொஞ்சம் திரும்பக் கேட்கலாம்.