கிட் ஒயினை எப்போது திறக்கலாம்?

கேள்வி: 23 லிட்டர் கிட்டில் (திராட்சைச் சாறு, ஈஸ்ட் எல்லாம் சேர்ந்து வரும், வீட்டிலேயே ஒயின் செய்யும் பெட்டி) செய்த சிவப்பு ஒயினைப் பாட்டிலில் அடைத்து 2 வாரம் ஆகிறது. நாக்கில் சுருக்கென்று குத்துகிறது, மணமே இல்லை. கெட்டுவிட்டதா?

பதில்: வினிகர் வாடை அடிக்காதவரை கவலை வேண்டாம், அவசரப்பட்டுத் திறந்துவிட்டீர்கள். பாட்டிலில் அடைத்த புதிதில் மணம் சில வாரம் அடங்கித்தான் கிடக்கும். வெள்ளை ஒயினுக்கு 3 மாதம் போதும். சிவப்புக்கு 6 மாதமாவது கொடுங்கள். திராட்சைத் தோலோடு வந்த கிட் என்றால் ஒரு வருடம்.

குத்தலுக்குக் காரணம் பெரும்பாலும் கரைந்து தங்கிய கரியமில வாயு. மூடிய பாட்டிலில் அது எத்தனை மாதமானாலும் போகாது. குடிக்குமுன் ஜாடியில் ஊற்றிக் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். அடுத்த முறை அடைக்கும் முன்பே, ஒயின் 20 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, நுரை நிற்கும்வரை கிளறுங்கள். குளிர்ந்த ஒயின் வாயுவை எளிதில் விடாது. 6 மாதத்துக்கு மேல் வைப்பதானால் அப்போதே 23 லிட்டருக்கும் சேர்த்துக் கால் டீஸ்பூன் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டும் (ஒயின் கெடாமல் காக்கும் உப்பு) கரைத்துவிடுங்கள்.