அரிசி ஊறப் போடலாமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

2022 பெங்களூர் வெள்ளம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எழுதுகிறேன். அடுத்த வருஷம் ஆகஸ்டில் நான் கனடாவில், கெலோனாவில் மகள் வீட்டில் இருந்தேன். ஏரிக்கு அந்தப்புறம் மலை எரிந்தது. நடுவில் ஏரி இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். பிறகு எங்கள் தெருவுக்கும் 'எவாக்குவேஷன் அலர்ட்' என்றார்கள். தயாராக இரு என்கிறார்கள், ஆனால் கிளம்பு என்று சொல்லவில்லை. நான்கு நாள் அப்படியே ஓடியது. தோசைக்கு அரிசி ஊறப் போடலாமா வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை. போ என்றால் போகிறோம், இரு என்றால் இருக்கிறோம். இதென்ன இரண்டுங்கெட்டான் நிலை? கடைசியில் எங்கள் தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்றுவரை ராமமூர்த்தி நகர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு பை கட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் சிரிக்கிறார். இந்தக் கோடைக்கும் மகள் கூப்பிடுகிறாள். போகலாமா?

வா., பெங்களூர்

அன்புள்ள அம்மா,

அந்த அரிசி வரியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஊற நாலு மணி நேரம், புளிக்க ஒரு ராத்திரி. நாளைக் காலையும் இதே அடுப்பு முன்னால்தான் நிற்கப்போகிறோம் என்று தெரிந்தால்தானே மாவுக்குப் போடுவோம்? பாஸ்போர்ட்டை எடுத்து வைத்ததைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். இதை நீங்கள்தான் சொன்னீர்கள்.

ஆனால் 'இரண்டுங்கெட்டான்' என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

கெலோனா இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இதற்கு மூன்று படி. அலர்ட் என்றால், சொன்ன உடனே கிளம்பும்படி இரு. ஆர்டர் என்றால், இப்போதே கிளம்பு. ஆபத்து விலகியதும் ரத்து. முதல் படியிலேயே உறுதியாக ஏன் சொல்வதில்லை என்றால், நெருப்பு எங்கே போகும் என்பது காற்றின் கையில் இருக்கிறது. நீங்கள் இருந்தபோதே பார்த்தீர்கள். ஆகஸ்ட் 17 ராத்திரி, கிலோமீட்டர் கணக்கில் அகலமான அந்த ஏரியைத் தாண்டிக் கங்குகள் கெலோனா பக்கம் வந்து விழுந்து பற்றிக்கொண்டன. (ஏரி காப்பாற்றும் என்று பெங்களூர்க்காரரான நீங்கள் எப்படி நம்பினீர்களோ! பெல்லந்தூர் ஏரியே பற்றி எரிந்த ஊர் அம்மா நம்முடையது.)

பல வீடுகள் எரிவது நேராக வரும் தீயால் இல்லை, இந்தக் கங்குகளால்தான். கூரை ஓரத் தண்ணீர்க் குழாயில் சேர்ந்த பைன் சருகில் ஒன்று விழுந்தால் போதும். அல்லது வாசல் மிதியடியில். வீட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்கு எரியக்கூடிய எதையும் வைக்காதே என்று அங்கே சொல்வது அதனால்தான். நம் ஊரிலிருந்து ஆசையாக வாங்கிப்போன தேங்காய் நார் மிதியடி மகள் வீட்டு வாசலில் கிடக்கிறதா? அலர்ட் வந்தால் முதலில் அதை உள்ளே எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

இரண்டுங்கெட்டான் நிலையே வாய்க்காத ஊரும் அதே மாகாணத்தில் உண்டு. லிட்டன். 2021 ஜூன் 29 அன்று அங்கே வெயில் 49.6 டிகிரி. கனடாவில் அதுவரை பதிவாகாத வெப்பம். மறுநாள் சாயங்காலம் ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. கட்டிய துணியோடு ஓடினார்கள்.

எங்கள் லேஅவுட் கதை உங்களுக்குத் தெரியும். 2022 செப்டம்பரில், ராத்திரி இரண்டு மணிக்குக் கீழே பார்க்கிங்கில் ஒரு காரின் அலாரம் விடாமல் அடித்தது. எங்களுக்கு வந்த அலர்ட் அவ்வளவுதான். இறங்கிப் பார்த்தால் தண்ணீர் கார் கதவுக்கு வந்துவிட்டது. காலையில் டிராக்டரில் போனோம். பக்கத்து ஃப்ளாட் பாட்டியை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். மாத்திரை டப்பா மேலேயே தங்கிவிட்டது. பாட்டிக்கு 'வெள்ளை ஒண்ணு, ரோஸ் பாதி' என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. மதியம்வரை அது என்ன மாத்திரை என்று மருந்துக் கடைக்காரரும் நாங்களும் விழித்துக்கொண்டிருந்தோம். முந்தின நாள் யாராவது தயாராக இருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான்கு நாள் என்ன, ஒரு வாரம்கூட உப்புமா தின்றுகொண்டு காத்திருந்திருப்பேன்.

சரி, போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள். ஆனால் மறுபடி அலர்ட் வந்தால் ஆர்டருக்காகக் காத்திருக்காதீர்கள். வயதானவர்கள், கைக்குழந்தை, புகை ஒத்துக்கொள்ளாதவர்கள் அலர்ட்டிலேயே கிளம்பிவிடலாம். யாரும் தடுப்பதில்லை. ஆர்டர் வந்தபின் எல்லோரும் ஒரே சாலையில் நிற்பார்கள். 2016இல் காட்டுத்தீ வந்தபோது கனடாவின் ஃபோர்ட் மெக்மரி ஊரை விட்டுக் கிளம்பியவர்கள் சுமார் 88,000 பேர். வெளியே போக ஒரே நெடுஞ்சாலை. அப்புறம், கரண்ட் போனால் காரேஜ் கதவு பட்டனுக்குத் திறக்காது. கையால் திறப்பது எப்படி என்று மாப்பிள்ளையை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். உள்ளே கார், வெளியே நெருப்பு என்று மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கட்டிலுக்கு அடியில் இருக்கும் பை அங்கேயே இருக்கட்டும். வீட்டுக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறார். அதில் பிபி மாத்திரை வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதன் தேதியை மட்டும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.