எந்த மட்டை யாருடைய கைக்கு? பேஸ்போல் மட்டைகள் பற்றிய கேள்வி-பதில்

வன்னியில் பேஸ்போலும் சொப்ட்போலும் பழகும் பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் அவர்களின் பெற்றோரிடமிருந்தும் பயிற்றுநர்களிடமிருந்தும் வரும் கேள்விகள் குறைவதில்லை. இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை மட்டையைப் பற்றியவையாக இருந்ததால், அவற்றை மட்டும் ஒன்றாகச் சேர்த்து விடை எழுதுகிறேன்.

*

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்று வயது. ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி, மருமகனுக்கு ஒரு நல்ல மட்டை அனுப்புவதாகச் சொல்லி, நான்கைந்து புதிய மட்டைகளின் படங்களை அனுப்பியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு முத்திரை இருக்கிறது. எதை வாங்கச் சொல்வது? — ஒரு தாய், பரந்தன்

பதில்: அம்மா, முத்திரையைப் பார்ப்பதற்கு முன்னர் எடையைத் தீர்மானியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் வெளிநாட்டிலிருந்து ஒரு நலன்விரும்பி எங்கள் பிள்ளைகளுக்கு ஆறு மட்டைகள் அனுப்பியிருந்தார். விலை உயர்ந்த, அழகான மட்டைகள். பெட்டியைப் பிரித்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆறும் 33 அங்குல நீளமும் 30 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 850 கிராம் எடையும் கொண்டவை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைத் தூக்கிச் சுழற்றுவதற்குள் பந்து பின்னால் நிற்பவரின் கையுறைக்குள் போய்விடும். அவற்றை ஒரு பருவம் முழுவதும் எவராலும் பயன்படுத்த முடியவில்லை. கொடுத்தவரின் மனத்தில் எந்தக் குறையும் இல்லை. அளவை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை, அந்த ஒருவர் நானாக இருந்திருக்க வேண்டும் என்பதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே தம்பியாருக்கு முதலில் இரண்டு எண்களை எழுதி அனுப்புங்கள். ஒன்று நீளம். மட்டையின் பிடிக்குமிழை நெஞ்சின் நடுவில் வைத்து, மட்டையைக் கையோடு ஒட்டி நேரே நீட்டினால், விரல் நுனி மட்டையின் முனையைச் சற்றே எட்ட வேண்டும். மட்டை கையில் இல்லாவிட்டால் நெஞ்சின் நடுவிலிருந்து விரல் நுனிவரை நாடாவால் அளந்துகொள்ளலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பலருக்கு அது 30 அல்லது 31 அங்குலமாக வரும். மற்றையது எடை. மட்டை விற்பவர்கள் எடையைத் தனியாகச் சொல்லாமல், அவுன்ஸில் உள்ள எடைக்கும் அங்குலத்தில் உள்ள நீளத்துக்கும் இடையிலான வித்தியாசத்தையே சொல்வார்கள். 30 அங்குல நீளமும் 20 அவுன்ஸ் எடையும் உள்ள மட்டையில் ‘−10’ என்றும், 33 அங்குல நீளமும் 30 அவுன்ஸ் எடையும் உள்ள மட்டையில் ‘−3’ என்றும் அச்சிட்டிருக்கும். உங்கள் மகனின் வயதில், உடல்வாகைப் பொறுத்து, −10 முதல் −8 வரை பொருந்தும். இதைச் சோதிக்க, ஏறத்தாழ அதே நீளமான இரண்டு மூன்று தடிகளை வெவ்வேறு கனத்தில் எடுத்து, கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு கையால் நுனியில் பிடித்துப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டி, இருபது விநாடிகள் அசையாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அதற்குள் கை தாழ்ந்துவிட்டால் அந்த எடை இப்போதைக்கு வேண்டாம்.

இனி முத்திரைகள். ஒரு மட்டை எந்த விதிக்கு அமையச் செய்யப்பட்டது என்பதைச் சொல்பவை இவை. ‘பிபிகோர்’ முத்திரை அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் 2011 முதலும், அங்குள்ள உயர்நிலைப் பாடசாலை ஆட்டத்தில் 2012 முதலும் கட்டாயமானது. உலோக மட்டையின் சுவர் உள்ளே அமுங்கி மீண்டு பந்தை உந்துவதால், அடித்த பந்து அளவுக்கு மீறிய வேகத்துடன் திரும்பி வந்தது. அந்த உந்துதலை மர மட்டைக்கு அருகே கொண்டுவருவதற்காகவே இந்த விதி வகுக்கப்பட்டது. இந்த மட்டைகள் எல்லாம் −3 என்பதால் உங்கள் மகனுக்கு அவை கனம். அமெரிக்க பேஸ்போல் சங்கத்தின் ‘யூ.எஸ்.ஏ.’ முத்திரை 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது சிறுவர் மட்டையையும் மரத்தின் இயல்புக்கு அருகில் நிறுத்துகிறது. அங்குள்ள இன்னொரு சங்கமான ‘யூ.எஸ்.எஸ்.எஸ்.ஏ.’யின் முத்திரை உள்ளவை இவற்றைவிடத் துள்ளல் கூடியவை. அங்கே எந்தச் சங்கத்தின் போட்டியில் ஆடுகிறார்களோ அதற்குரிய முத்திரை இல்லாத மட்டையோடு களத்தில் இறங்க முடியாது. பரந்தனில் பயிற்சிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்றாலும், நான் ‘யூ.எஸ்.ஏ.’ மட்டையையே கேட்பேன். நம்முடைய மைதானங்களில் பந்து வீசும் பிள்ளைக்கு முன்னால் காப்பு வலை இருப்பதில்லை, துள்ளல் கூடிய மட்டையிலிருந்து திரும்பும் பந்தை நெற்றிக்கு முன்னால் தடுக்க அந்தப் பிள்ளைக்கு நேரமும் இருப்பதில்லை.

*

கேள்வி: பேஸ்போல் மட்டையால் எங்கள் பெண்கள் அணி சொப்ட்போல் ஆடலாமா? — விளையாட்டுப் பொறுப்பாசிரியை, வவுனியா

பதில்: போட்டியில் ஆட முடியாது. சொப்ட்போல் மட்டையின் பருத்த பகுதி இரண்டேகால் அங்குல விட்டத்துக்குள்ளும், நீளம் 34 அங்குலத்துக்குள்ளும் இருக்க வேண்டும். பேஸ்போல் மட்டை பெரும்பாலும் அந்த விட்டத்தைத் தாண்டிவிடும். பந்தும் வேறு. பேஸ்போல் பந்து 142 முதல் 149 கிராம் வரை இருக்க, 12 அங்குலச் சுற்றளவுள்ள சொப்ட்போல் பந்து 178 முதல் 198 கிராம் வரை இருக்கும். சொப்ட்போல் மட்டையால் பேஸ்போல் பந்தை அடிப்பதையும் தவிருங்கள். மெல்லிய சுவருள்ள சொப்ட்போல் மட்டை அந்தக் கடினமான பந்தில் வெடித்துவிடும், பாடசாலைக்கு இரண்டாவது மட்டை எளிதில் கிடைக்காது.

*

கேள்வி: ஐயா, ‘டோர்பிடோ’ மட்டை என்று ஒன்று வந்திருக்கிறதே, அதனால் உண்மையில் பந்து அதிக தூரம் போகுமா? நான் உயர்தர மாணவன். மர மட்டையால்தான் ஆடுகிறேன். — முள்ளியவளை

பதில்: 2025 மார்ச் 29 அன்று நியூயோர்க் யாங்கீஸ் அணி, மில்வோக்கி புரூவர்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஒன்பது ஹோம் ரன்கள் (பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து எடுக்கும் ஓட்டங்கள்) அடித்தது. அந்த அணியில் சிலர் பிடித்திருந்த வித்தியாசமான மட்டையைப் பற்றி அன்றைக்கே உலகம் பேசத் தொடங்கியது. அன்று மூன்று ஹோம் ரன்கள் அடித்த ஏரன் ஜட்ஜ் வழமையான மட்டையால்தான் அடித்தார் என்பது மட்டும் அந்தப் பேச்சில் கரைந்து போயிற்று. தம்பி, இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழமையான மட்டை முனையை நோக்கிப் பருத்துக்கொண்டே போகும். டோர்பிடோவில் மிகப் பருத்த இடம் பிடியின் பக்கமாகச் சற்று நகர்ந்து, முனை மீண்டும் ஒடுங்குகிறது. மத்தளத்தின் நடு வயிற்றை நினைத்தால் அந்த வளைவு விளங்கும். இதை வடிவமைப்பதில் முன்னின்றவர் ஏரன் லீன்ஹார்ட் என்ற பௌதிகவியலாளர். சில ஆட்டக்காரர்களின் மட்டையில் பந்து பெரும்பாலும் முனைக்குக் கீழே ஒரே இடத்தில் படுகிறது. அப்படியானால் மரத்தின் பெரும்பங்கை அந்த இடத்தில் வைப்போம் என்பதே எண்ணம். அமெரிக்கப் பெருந்தொடரின் விதிப்படி மட்டை ஒரே மரத்துண்டாக, 2.61 அங்குலத்துக்கு மேற்படாத விட்டத்துடனும் 42 அங்குலத்துக்கு மேற்படாத நீளத்துடனும் இருக்க வேண்டும். பருத்த இடம் எங்கே வர வேண்டும் என்று விதி சொல்லாததால் இதில் மீறல் இல்லை.

இதில் இரண்டாவது நன்மையும் உண்டு. மண்வெட்டியைப் பிடியின் கடைசியில் பிடித்து வீசிப் பாருங்கள், பிறகு தலைப்பக்கத்தைப் பிடித்து வீசிப் பாருங்கள். எடை ஒன்றுதான், ஆனால் இரண்டாவது முறை கை இலேசாகச் சுழலும். பாரம் கைக்கு அருகே வரும்போது சுழற்றும் உழைப்பு குறைகிறது. மட்டையிலும் அதுவே நடக்கிறது.

ஆனால் உங்களுக்கு அது பொருந்துமா என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. நான் செய்விக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. வெண்கட்டியைப் பொடியாக்கிப் பந்தில் நன்றாகத் தேய்த்து, முப்பது பந்துகள் வீசச் சொல்லி அடியுங்கள். ஐந்து பந்துகளுக்கு ஒருமுறை மட்டையில் பதிந்த வெள்ளைத் தழும்புகளை ஒரு தாளில் வரைந்துகொண்டு, ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தொடருங்கள். சாதாரண மட்டையில் பந்து நன்றாகப் போகும் இடம் முனையிலிருந்து ஐந்து முதல் ஏழு அங்குலத்துக்குள் இருக்கும். கடந்த ஆண்டு ஒரு மாணவர், தான் எப்போதும் முனையில்தான் அடிப்பதாக உறுதியாகச் சொன்னார். தாளில் பார்த்தால் இருபதுக்கு மேற்பட்ட தழும்புகள் மட்டையில் பொறித்த தயாரிப்பாளரின் முத்திரைக்கு நான்கு விரற்கடை மேலே, தேன்கூட்டில் ஈ மொய்த்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அவரைப் போன்றவருக்கு டோர்பிடோ உதவக்கூடும். முனைப்பக்கத்தில் அடிப்பவருக்கோ அந்த இடத்தில் மரமே குறைந்திருப்பதால் இழப்புத்தான். தழும்புகள் மட்டை முழுவதும் சிதறிக் கிடந்தால், புதிய மட்டைக்குக் காசு சேர்க்க வேண்டாம், அந்த நேரத்தில் இன்னும் நூறு பந்துகள் அடியுங்கள்.

*

கேள்வி: எங்கள் ஊரில் கடைசல் பட்டறை இருக்கிறது. பாலை அல்லது முதிரையில் மட்டை கடைந்தால் இறக்குமதி மட்டையைவிட உறுதியாக இருக்காதா? — ஒட்டுசுட்டானிலிருந்து ஒருவர்

பதில்: உறுதியில் குறை சொல்ல முடியாது. பாலையின் வைரத்தை வன்னியில் எவருக்கும் விளக்கவும் தேவையில்லை. தடை எடையில் இருக்கிறது. மட்டைக்குப் பயன்படும் மேப்பிள், ஆஷ், பேர்ச் ஆகிய மூன்று மரங்களும் ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 0.7 கிராம் எடை கொண்டவை. பாலை 1.1 கிராம் அளவில் நிற்கும். அதனால்தான் அது நீரில் மிதக்காமல் தாழ்கிறது. 33 அங்குல மேப்பிள் மட்டை 880 கிராம் என்றால், அதே உருவில் பாலையைக் கடைந்தால் ஒரு கிலோ 380 கிராம் வரும். அதை உலக்கை என்றுதான் சொல்ல வேண்டும். முதிரையிலும் ஒரு கிலோ 200 கிராமுக்குக் குறையாது. எடையைக் குறைப்பதற்காக மெலிதாகக் கடைந்தால், பாலை மட்டையின் பருத்த இடம் 2.6 அங்குலத்திலிருந்து ஏறத்தாழ 2.1 அங்குலத்துக்குச் சுருங்கிவிடும், பந்து படுவதற்கான முகம் அந்த அளவுக்குக் குறைந்துபோகும். தேக்கு எடையில் நெருங்கி வந்தாலும், ஆஷ் போல அதிர்ச்சியைத் தாங்கி வளைந்து கொடுப்பதில்லை. வேம்பின் நார் பின்னிப் போவதால் நேரான துண்டு கிடைப்பது அரிது. இவற்றுக்கு மேலாக, பாலையையும் முதிரையையும் காட்டில் வெட்டுவதற்கும் வாகனத்தில் ஏற்றுவதற்கும் அனுமதி வேண்டும். ஒரு மட்டைக்காக ஒரு முதிரை விழுவதை நான் விரும்பமாட்டேன்.

ஆனாலும் உங்கள் பட்டறையை நான் கைவிடச் சொல்லவில்லை. நல்ல துண்டைத் தெரிவு செய்யும் கலை எல்லா மரத்துக்கும் ஒன்றுதான். கடைந்த மட்டையின் பிடிப் பகுதியில், மரத்தின் ஆண்டு வளையங்களின் பரந்த முகம் தெரியும் பக்கத்தில், பேனா மையில் ஒரு சொட்டு விடுங்கள். மை சிறிது நேரம் அப்படியே நின்று, பிறகு நாரின் வழியே மெல்லிய மயிர்க்கோடாக ஊரும். அந்தக் கோடு மட்டையின் நீளத்துக்கு இணையாக ஓட வேண்டும். அமெரிக்கப் பெருந்தொடரில் மேப்பிள் மட்டைகளுக்கு இந்த மைப்பொட்டு அடையாளம் உண்டு. கோடு மூன்று பாகைக்கு மேல் சாய்ந்தால் அந்த மட்டையை ஏற்பதில்லை. மூன்று பாகை என்பது இருபது அங்குல நீளத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலச் சாய்வு. அதற்கு மேல் சாய்ந்த மட்டை ஒருநாள் நீளவாக்கில் பிளந்து, கூரான துண்டு களத்தில் நிற்பவரை நோக்கிப் பறக்கும்.

பயிற்சிக்கு மலிவாகவும் நெடுநாள் உழைப்பதாகவும் ஒன்று வேண்டும் என்றால், மூங்கில் சிம்புகளை அழுத்தி ஒட்டிச் செய்யப்படும் மட்டையை வரவழையுங்கள். யப்பானில் பயிற்சிக்கு அது பெரிதும் பயன்படுகிறது. வன்னிக்கு ஏற்றது அதுதான் என்பது என் முடிவு.

*

கேள்வி: எல்லே மட்டையால் பேஸ்போல் பழகலாமா? — மல்லாவி

பதில்: சுழற்றிப் பழகுங்கள், கண்ணும் கையும் ஒன்றுசேர அது மிக நல்ல பயிற்சி. நம் நாட்டு மட்டைப்பந்து ஆட்டமான எல்லேயில் நன்றாக அடிக்கும் பிள்ளைகள் பேஸ்போலுக்கு விரைவாகத் தேறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லேக்குப் பயன்படும் ரென்னிஸ் பந்து அறுபது கிராமுக்கும் குறைவு. அதன் இரண்டரை மடங்கு எடையுள்ள தோல் பந்தை அந்த மூங்கில் தடி தாங்காது.

*

கேள்வி: பாவித்த கொம்பொசிட் மட்டை ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா, அல்லது புதிய அலுமினிய மட்டையே நல்லதா? — மாங்குளம்

பதில்: ஒரு கழகத்துக்கு ஒரே ஒரு மட்டைதான் வாங்க முடியும் என்றால், அலுமினியத்தையே வாங்குங்கள். கொம்பொசிட் என்பது காபன் இழையும் பிசினும் சேர்ந்தது. கையில் அதிர்வு குறைவு, அடிக்கும்போது சுகமாக இருக்கும். ஆனால் புதிதில் இறுகியிருக்கும். நூற்றைம்பது, இருநூறு அடிகள் வரை ஒவ்வோர் அடிக்கும் மட்டையைக் கால்வாசி திருப்பி அடித்தே பதப்படுத்த வேண்டும். அது இறக்கும்போதும் சொல்லிவிட்டு இறப்பதில்லை, உள்ளே பிளந்துவிடும். அலுமினியம் வாங்கிய அன்றே ஆட்டத்துக்கு ஆயத்தம், பழுதானால் நெளிவு கண்ணுக்குத் தெரியும்.

பாவித்ததை வாங்கியே ஆக வேண்டும் என்றால், ஒரு நாணயத்தால் பருத்த பகுதியைச் சுற்றிவரத் தட்டிக் கேளுங்கள். எல்லா இடத்திலும் ஒரே ஒலி வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஒலி மழுங்கினால் அங்கே பிளவு இருக்கிறது. நகத்தை மெதுவாக மேற்பரப்பில் இழுத்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு நகத்தில் தட்டுப்படும். பிடியும் பருத்த பகுதியும் சேரும் மூட்டில் ஆட்டம் இருந்தால் வாங்கவே வேண்டாம்.

கனடாவில் இருப்பவர்கள் கொம்பொசிட்டைக் குளிரில் பாவிக்க வேண்டாம் என்று எச்சரிப்பார்கள். அது 15 பாகை செல்சியசுக்குக் கீழே, நமக்கு அந்தக் கவலை இல்லை. நமக்குரிய எதிரிகள் இரண்டு. ஒன்று வெயில். தகரக் கூரையுள்ள களஞ்சிய அறையிலும் பூட்டிய வாகனத்திலும் மட்டையை வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் பிசின் தளரும். மற்றையது மாரி. நனைந்து நீர் ஏறிய பந்து பாரம் கூடிக் கல்லாகிவிடும், அதை எந்த மட்டையாலும் அடிக்கக் கூடாது. மர மட்டை என்றால் ஆட்டம் முடிந்ததும் துடைத்து, நிலத்தில் சாத்தி வைக்காமல், காற்றோட்டமான சுவரில் பிடிக்குமிழ் மேலே இருக்கும்படி தொங்கவிடுங்கள்.