ஆர்னால்ட் ரிட்லி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போர்க் காலத்து உள்ளூர்க் காவல்படையினரைப் பற்றிய பிபிசியின் பழைய நகைச்சுவைத் தொடரான 'டாட்ஸ் ஆர்மி'யை அண்மையில் பார்த்து முடித்தேன். அடிக்கடி கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் முதியவர் காட்ஃப்ரேயாக நடித்த ஆர்னால்ட் ரிட்லி, ஒருகாலத்தில் பெயர்பெற்ற நாடகாசிரியர் என்று அறிந்தபோது மனம் கனத்தது. எழுபது வயதுக்கு மேல் அவர் துணைப்பாத்திரத்தில் நின்றது ஒரு வீழ்ச்சி அல்லவா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரிட்லி எழுத்திலிருந்து நடிப்புக்கு இறங்கியவர் அல்லர். நடிக்க வந்து, உடல் இடம்கொடாததால் எழுதத் தொடங்கியவர். 1896இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த அவருக்கு, முதல் உலகப்போரின்போது 1916இல் பிரான்ஸில் சோம் போர்முனையில் துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் அடி விழுந்தது. துப்பாக்கிமுனைக் கத்தி பட்ட இடக்கை பிறகு சரியாக இயங்கவே இல்லை. போருக்குப் பின் பர்மிங்ஹாம் ரெப்பர்ட்டரி நாடகக்குழுவில் சேர்ந்தவர், இக்காயங்கள் படுத்திய பாட்டால் 1921இல் ஊர் திரும்பி, தந்தையின் காலணிக்கடையில் வேலைக்கு நின்றார்.

பிரிஸ்டலுக்கு அருகே மாங்கட்ஸ்ஃபீல்ட் ரயில் நிலையத்தில் அவர் ஒருமுறை நெடுநேரம் காத்துக்கிடந்தபோது, பக்கத்து வளைவுப் பாதையில் ஒரு விரைவு ரயில் வருவதும் கடப்பதும் போவதும் கேட்டதே தவிர, ரயில் கண்ணில் படவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் 1925இல் லண்டன் மேடையேறி அறுநூறு காட்சிகளுக்கு மேல் ஓடிய 'தி கோஸ்ட் ட்ரெயின்' நாடகம். அதன் துப்பறியும் முடிச்சு இன்று எனக்குச் சலிப்பையே தருகிறது. ஆனால் மேடைக்குப் பின்னால், தரையில் திருகிய மரச்சட்டங்களின் மீது புல்வெளி உருளையைத் தடதடவென ஓட்டியும், தகரத்தாளை உலுக்கியும், முரசறைந்தும், இல்லாத ரயில் ஒன்றை அரங்கிற்குள் ஓடவிட்ட தந்திரத்திற்கு ஈடாக எதையும் சொல்லத் தெரியவில்லை. காதால் மட்டுமே பார்க்க வேண்டிய ரயில் அது.

முப்பதுகளில் திரைப்படத் தயாரிப்பில் இறங்கிப் பெருங்கடனாளியானார். இரண்டாம் உலகப்போரில் மீண்டும் ராணுவ உடையில் பிரான்ஸுக்குச் சென்று, 1940இல் மனம் நொறுங்கித் திரும்பினார். எழுதினார், நடித்தார், கடனை அடைத்தார். எது சோறு போட்டதோ அதைச் செய்தார்.

1968இல், 72 வயதில், காட்ஃப்ரே வேடம் வந்தது. 1969இல் வெளியான ஓர் அத்தியாயத்தில், முதல் உலகப்போரில் துப்பாக்கி ஏந்த மறுத்தவர் என்று தெரிந்ததும் படைச் சகாக்கள் காட்ஃப்ரேயை ஒதுக்குகிறார்கள். பின்னர் நோயுற்றுப் படுத்திருக்கும் அவரைக் காணச் செல்லும்போது, சுவரிலுள்ள படத்தில் அவர் மார்பில் ராணுவப் பதக்கம் இருப்பதைக் காண்கிறார்கள்: காயமுற்றவர்களைச் சுமக்கும் பணியை ஏற்று, குண்டுமழைக்கு நடுவே பலரை மீட்டவராம். கதைப்படி அது நடந்த இடமும் சோம்தான். அக்காட்சியை மறுபடி பாருங்கள். எல்லோரும் படத்தைப் பார்த்து வாயடைத்து நிற்க, ரிட்லி எதையும் நடித்துக்காட்டாமல், தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்ற கூச்சத்துடன் படுக்கையில் கிடக்கிறார்.